மான்தோலில் பூசிய மணி

எனக்கு உதவி செய்ய வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சலாக வரும். இது நன்றி கெட்ட பேச்சு என்று எனக்கே தெரியும். ஆனால் கழுத்துக்குக் கீழே அநேகமாக எதுவும் அசையாமல் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறவனிடம் வந்து, "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கே ஆர்வோ" என்று சொல்கிறவர்களை வேறு எப்படிப் பார்ப்பது? மிச்சம் இருப்பதே முகம்தான். அது தெளிவாக இல்லாமல் எங்கே போகும்?

நான் ஆர்வோ கெம்பைனன். வடக்கே பனி கொட்டும் ஹான்காக் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். ஊர்ச் சாலைப் பனியையெல்லாம் தள்ளியவன், சொந்த வீட்டுக் கூரையில் கிடந்த பனியை இறக்க ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் மனைவி லோர்னா அழுதுகொண்டிருந்தாள். அவள் தங்கைகள் அழுதுகொண்டிருந்தார்கள். என்னோடு அதே பனிலாரிக் கொட்டகையில் வேலை பார்த்த ஹார்லன் மட்டும் குனிந்து, "ஏண்டா, இத்தனை வருஷம் அதை நீ தள்ளினே. ஒரே ஒரு நாள் அது உன்னைத் தள்ளிடுச்சு, அதுக்குப் போய் இப்படிப் படுத்துக்கிட்டியே" என்றான். விழுந்த பிறகு நான் முதலில் நன்றி சொன்னது அதற்குத்தான், மனதுக்குள்.

வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை. மூச்சு போதாது. இப்போதும் என் குரல் என் வாய்க்குப் பக்கத்தில் காதை வைப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். பேச்சைக் கேட்டு வேலை செய்யும் பெட்டி ஒன்றை மைத்துனி வாங்கிவந்து வைத்தாள். அதற்கு என் குரல் எட்டவே இல்லை. எப்போதாவது எட்டினாலும் "மன்னிக்கவும்" என்று என்னைவிட உரக்கச் சொல்லும். அதை எடுத்துப் பரணில் போடச் சொல்லிவிட்டேன்.

உடம்பில் எனக்குக் கட்டுப்படுவது ஒன்றே ஒன்று, இடது கை ஆள்காட்டி விரல். அதையும் கொஞ்சம் தூக்க மட்டும்தான் முடியும். தூக்கியதை விட்டால் தன் பாரத்தில் விழுந்துவிடும். அழுத்தும் வலு அதற்கு இல்லை. ஒரு பொத்தான் மேல் வைத்தால் பொத்தானைத் தலையணையாக்கிப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் என் சொத்து.

அதை வைத்துத்தான் லோர்னாவைக் கூப்பிடுவேன். விரல் எழும்பும், அவள் பார்ப்பாள், வருவாள். மூக்கு அரிப்பது, தலையணை நழுவுவது என்று சில்லறை விஷயங்கள் நிறைய. பெரிய விஷயம் சளி. நெஞ்சில் சளி கட்டினால் என்னால் இருமித் துப்ப முடியாது. யாராவது வந்து ஒருக்களித்துப் புரட்டி, விலாவுக்கடியில் கை கொடுத்து அழுத்தினால்தான் வெளியே வரும். அதற்குத் தாமதமானால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே லோர்னா என் விரலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தாள். சமையலறைக்கும் என் அறைக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் ஒரு நாற்காலி. ஏலக்காய் போட்ட நிசு ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் கழுத்து என் பக்கம் திரும்பியிருக்கும். துணி துவைக்கக் கீழே நிலவறைக்குப் போனால், துணியை எந்திரத்தில் திணித்துவிட்டு ஓடிவருவாள். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது சவுனா. கொல்லையில் அவள் அப்பா கட்டிக்கொடுத்த சவுனா அறை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் விறகு போட்டு, கல்லைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து எழுந்தால்தான் அவளுக்கு வாரம் முடியும். எங்கள் கல்யாண நாளும் சனிக்கிழமைதான். விருந்தினரை உட்கார வைத்துவிட்டுச் சவுனாவுக்குப் போனவள் அவள். நான் வீடு திரும்பியதிலிருந்து ஒருநாளும் அவள் அங்கே போகவில்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு குளியலறையில் அவசரமாக உடம்பை நனைத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. குறைப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லாமலே கண்டுபிடித்தவள், வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கும் நர்ஸ் டெனிஸ். என் முதுகையும் குதிகாலையும் பரிசோதித்துவிட்டு லோர்னாவைப் பார்த்தாள்.

"நீங்க கடைசியா வீட்டை விட்டு வெளியே போனது எப்ப?"

"குப்பை போடப் போனேனே."

"லோர்னா."

"அவன் கூப்பிட்டா நான் இருக்கணும் இல்ல? வேற யாரு பார்ப்பா?"

டெனிஸ் நல்லவள். அதனால் சுற்றி வளைக்கவில்லை. "அவர் உங்களைக் கூப்பிடணும்னா நீங்க அவரையே பார்த்துக்கிட்டு இருக்கணும். இது எத்தனை நாளைக்கு ஓடும்? சரியான கருவிக்கு எழுதிப் போட்டாச்சு, அது வர்றதுக்குள்ள பனி உருகிடும். வர்ற வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். அதுக்குள்ள இவர் தானா உங்களைக் கூப்பிட ஒரு வழி இருந்தா சரி. இல்லேன்னா இந்த வீடு இவருக்குப் பாதுகாப்புன்னு என்னால எழுத முடியாது. இஷ்பெமிங்ல ஒரு பராமரிப்பு இல்லத்துல இடம் இருக்கு. குளிர்காலம் முடியிற வரைக்கும்."

இஷ்பெமிங் என்றால் வழியெல்லாம் பனி. லோர்னா வாரம் ஒருமுறை வந்தால் பெரிது. குளிர்காலம் முடியும் வரைக்கும் என்று போனவர்கள் குளிர்காலம் முடிந்ததும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. டெனிஸ் போன பிறகு லோர்னா நாற்காலியில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்தாள். நான் அதைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன வேண்டும் என்று கேட்பாள், எனக்கு வேண்டியதை அவளால் தர முடியாது.

லோர்னா போனில் சொன்னதைக் கேட்டு, மறுநாள் செவ்வாய்க்கிழமை ஹார்லன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். க்வென் ட்ரெகியர். பல் வைத்தியர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். மூடிப்போன இரும்புக்கடையின் பின்கட்டில் புதன்கிழமைதோறும் சிலர் கூடி எதையாவது கழற்றிக் கோத்துக்கொண்டிருப்பார்களே, அந்தக் கூட்டத்தில் அவளும் ஹார்லனும் உண்டு. போன வருஷம் ஹார்லன் அங்கே உட்கார்ந்து, பனி ஊதும் எந்திரத்தைச் சோபாவில் இருந்தபடியே ஓட்ட வழி செய்தான். அது பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியைத் தின்றுவிட்டது. அந்தக் கூட்டத்திலிருந்து, நான் லோர்னாவைக் கூப்பிட ஒரு மணி வரப்போகிறது என்றதும் எனக்கு இஷ்பெமிங் இன்னும் கிட்டே வந்தது போல இருந்தது.

க்வென் என் கையைப் பார்த்தாள். "விரலுக்கு அடியில ஒரு சின்னத் தகடு வெச்சு..."

"தகடு கூடாது" என்றாள் லோர்னா. "கம்பி கூடாது, பொத்தான் கூடாது, எதுவும் உறுத்தக் கூடாது. அவன் உள்ளங்கையில உணர்வு கிடையாது. ஒரு கம்பி முனை குத்தினாலும் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள புண்ணாயிடும். அந்தப் புண்ணு ஆளைக் கொன்னுடும்னு டெனிஸ் சொல்லியிருக்கா."

"அப்போ பூசிட வேண்டியதுதான்" என்றாள் க்வென்.

"எதை?"

"மின்சாரம் போற சாயத்தை. கம்பிக்குப் பதிலா கோடு. தகட்டுக்குப் பதிலா ஒரு வட்டம். பூச்சுக்கு ஏது விளிம்பு?"

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிராஃபைட் தூள் ஒரு குப்பி இருக்கும். உறைந்துபோன பூட்டுக்குள் பீய்ச்சுவதற்கு. பென்சில் கரிதான் அது, மாவாக அரைத்தது. அதைப் பசையில் குழைத்தால் மின்சாரம் கடத்தும் கறுப்புச் சாயம் தயார் என்றாள் க்வென். லோர்னாவின் சமையல் மேடையிலேயே குழைக்க ஆரம்பித்தாள். முதலில் குழைத்தது பளபளவென்று அழகாகக் காய்ந்தது, மின்சாரம் பார்க்கும் மீட்டரை வைத்தால் அசைவே இல்லை. "பசை ஜாஸ்தி. கரித்துகள் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் மின்சாரம் போகும். நடுவுல பசை புகுந்துட்டா அவ்வளவுதான்" என்று சொல்லி இன்னும் கரியைக் கொட்டினாள். அடுத்தது மின்சாரத்தைக் கடத்தியது, ஆனால் தொட்டதும் உதிர்ந்தது.

லோர்னா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "அய்யோ, அது பன்னுகாக்கு அப்பத்துக்குப் பால் அளக்கிற கப்பு!"

"கழுவிக்கலாம்."

"கேரட் போட்டா பேஸ்டியே இல்லைன்னு சொல்ற ஆளு நீ. உனக்குச் சமையல் பாத்திரத்தோட அருமை எப்படித் தெரியும்?"

"கேரட் போட்டா அது பேஸ்டி இல்லைதான். அது ஃபின்லாந்துக்காரங்க செஞ்ச தப்பு" என்றாள் க்வென், கலக்குவதை நிறுத்தாமல். பேஸ்டி என்பது இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுடும் பண்டம், அதில் கேரட் சேர்த்தது லோர்னாவையும் என்னையும் போன்ற ஃபின்லாந்து வம்சத்தார். வீட்டில் இப்படி ஒரு சண்டை கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

எதன் மேல் பூசுவது என்பதற்கு ஹார்லன் ஒரு மான்தோல் கொண்டுவந்தான். பதப்படுத்திய தோல், பழைய துணியைவிட மெத்தென்று இருந்தது. அந்த மானைச் சுட்டது நான். ஹார்லன் தான் சுட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். என்னால் மறுத்துப் பேச முடியாத இடத்தில் வைத்து, "நான் சுட்ட மான் உன் கைக்கு மெத்தையாகுது பாரு" என்றான். விரலைத் தூக்கினேன். லோர்னா வந்து குனிந்தாள். "நான் சுட்டது" என்றேன். அவள் அதை உரக்கச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாள்.

ஹார்லன் தன் லாரியிலிருந்து இன்னொரு சின்னப் புட்டியும் எடுத்துவந்தான். காரின் பின்கண்ணாடியில் பனியை உருக்கும் சூட்டுக்கோடுகள் உண்டே, அவை அறுந்தால் தீட்டி ஒட்டும் வெள்ளிச்சாயம். இங்கே வண்டி ஓட்டும் எவனிடமும் அது இருக்கும். "பல்செட்டுக்காரியோட கரிச்சாந்து எதுக்கு? இதுல போற மின்சாரம் அதுல போகுமா?" என்று தோலில் ஒரு கோடு இழுத்தான். மீட்டர் முள் துள்ளியது. ஹார்லனும் துள்ளினான். தோலை என் கை வைக்கும் பஞ்சுத் தாங்கலில் சுற்றியதும் கோடு மடிந்த இடத்தில் பொடியாக வெடித்தது. கண்ணாடி மடங்காது, தோல் மடங்கும். க்வென் வேறு பசையை எடுத்தாள். துணி ஒட்டும் ரப்பர்ப் பசையில் கரியைக் குழைத்து, பல்லுக்கு நிறம் தீட்டும் தூரிகையால் மெல்லப் பூசினாள். அது தோலோடு சேர்ந்து வளைந்தது. வயரைக் கவ்வி மாட்டும் ஓரத்தில் மட்டும், போனால் போகிறது என்று, ஹார்லனின் வெள்ளியில் ஒரு பொட்டு வைத்தாள். "கடைசியில கை கொடுத்தது என் புட்டிதான்" என்று அவன் அதற்கே ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தான்.

என் விரலுக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டம். அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு ஓரம் வரை. ஓரத்தில் பிஸ்கட் அளவுகூட இல்லாத ஒரு மின்சுற்றுப் பலகை. வட்டத்தின் மேல் விரல் பட்டால் அந்தப் பலகை அதை உணர்ந்து க்வெனின் மடிக்கணினியில் ஓர் எண்ணாகக் காட்டும். எண் ஏறினால் மணி அடிக்கும். மணி என்பது கம்பியில்லாத வாசல் மணிதான், பேட்டரியில் ஓடுவது, பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும் என்றாள் க்வென். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கையைத் தூக்கித் தோலில் வைத்தார்கள். டிங் டாங். லோர்னா கைதட்டினாள். டிங் டாங். டிங் டாங். டிங் டாங். நிற்கவில்லை. எப்படி நிற்கும்? என் கை அங்கேயேதான் கிடக்கிறது. கையை எடுத்துவிட்டு, மறுபடி தொட்டு, மறுபடி எடுக்கிற மனுஷனாக இருந்தால் நான் ஏன் படுத்திருக்கிறேன்?

வட்டத்தைச் சின்னதாக்கினார்கள், அப்போதும் அடித்தது. பெரிதாக்கினார்கள், மணிக்கட்டு நடுங்கினால்கூட அடித்தது. நன்றாக அழுத்தித் தொட்டால்தான் அடிக்க வேண்டும் என்று எண்ணைக் கூட்டி வைத்தாள் க்வென். அப்போது அடிக்கவே இல்லை. விரல் அதன் மேல் நிம்மதியாகப் படுத்திருந்தது. புதன் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானமும் ஆயிற்று. ஹார்லன் ஜோக் அடிப்பதை நிறுத்தியிருந்தான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சத்தம் பொறுக்காமல் க்வென் பலகையை அணைத்துவிட்டு, என் கை தோல் மேல் இருக்கும்போதே மறுபடி போட்டாள். மணி அடிக்கவில்லை.

"ஏன் அடிக்கல?" என்றான் ஹார்லன்.

"கண் முழிக்கும்போது எது எப்படி இருக்கோ, அதுதான் சும்மா இருக்கிற நிலைன்னு எடுத்துக்கும். அவன் கை மேல இருந்துதா, கை இருக்கிறதே வழக்கம்னு நினைச்சுக்கிச்சு. தப்பு என்னுதுதான். கையை எடுத்துட்டுத்தான் போடணும்."

ஆனால் உடனே எடுக்கவில்லை. இருவரும் என் கால்மாட்டில் மடிக்கணினியின் முன் குனிந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரியைக் கூட்டுவதா பசையைக் கூட்டுவதா என்று வாதாட ஆரம்பித்தார்கள். வீட்டில்தான் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று லோர்னா பல நாட்களுக்குப் பிறகு அவசரமில்லாமல் துணி துவைக்கக் கீழே போயிருந்தாள்.

அப்போது பார்த்து மூக்கு அரித்தது.

விரலைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. விட்டேன். மறுபடி தூக்கினேன். இரண்டு முதுகுகள், அவ்வளவுதான். என் உயிரைக் காப்பாற்ற வந்த இரண்டு பேரும் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் தலைக்கேறியது. நடுவிரல் மட்டும் எனக்குக் கட்டுப்பட்டிருந்தால் அதைத்தான் தூக்கியிருப்பேன். ஆள்காட்டி விரலை வைத்தே அந்த அர்த்தத்தில் தூக்கித் தூக்கிப் போட்டேன்.

"இது என்ன, நம்பர் திடீர்னு இறங்குது?" என்றான் ஹார்லன். "பாரு, ஏறுது. இதோ, மறுபடியும் இறங்குது."

"பூச்சு காயலை போல. ஈரம் இருந்தா நம்பர் இப்படித்தான் ஆடும்" என்றாள் க்வென்.

சொன்னதோடு விட்டாளா? லோர்னாவின் முடி உலர்த்தியை எடுத்துவந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையை நீட்டித் தோலுக்குச் சூடு காட்டினாள். வெப்பக்காற்று முழங்கைப் பக்கமாக ஏறி என் மூக்கிலேயே அடித்தது. அரிப்பு இரண்டு மடங்காயிற்று. நான் இன்னும் வேகமாக விரலைத் தூக்கினேன். "இன்னும் ஈரம் இருக்கு" என்றான் ஹார்லன், கவலையோடு.

லோர்னா துணிக்கூடையோடு மேலே வந்தாள். வாசற்படியில் கால் வைத்ததும் எப்போதும் போல அவள் கண் முதலில் என் விரலுக்குப் போயிற்று. கூடையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்ன ஆர்வோ, மூக்கா?" சொறிந்துவிட்டாள். சொர்க்கம். பிறகு திரும்பினாள். "ரெண்டு பேரு கண்ணாடி வேற போட்டுக்கிட்டு என்னத்தப் பார்க்கறீங்க? மனுஷன் கத்திக்கிட்டு இருக்கான்!"

"கத்தினானா?" என்றாள் க்வென். "எப்படிக் கத்தினான்?"

"விரலைத் தூக்கிக்கிட்டே இருந்தான் இல்ல? விரலைத் தூக்கினா கூப்பிடறான்னு அர்த்தம். இவ்வளவு நாளா அப்படித்தானே கூப்பிடறான். இதுகூடவா தெரியாது?"

"யாரும் சொல்லலையே."

"யாரும் கேக்கலையே!"

க்வென் முடி உலர்த்தியை அணைத்தாள். "ஆர்வோ, இன்னொரு தடவை தூக்கு" என்றாள். தூக்கினேன். அவள் என் விரலைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். "விடு." விட்டேன். "தூக்கு." தூக்கினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூச்சு காஞ்சுதான் இருக்கு" என்றாள். "நேத்தே காஞ்சுடுச்சு."

பிறகு எனக்கு விளக்கினாள், காது கேட்காதவனுக்குச் சொல்வது போல உரக்க. தொடுவதுதான் சேதி என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். பொத்தானைச் செய்து பழகியவர்கள், விரல் எங்கே இறங்கும் என்றுதான் பார்ப்பார்கள். எனக்கோ தொட்டுக்கொண்டிருப்பதுதான் ஓய்வு, எடுப்பதுதான் பேச்சு. கை இருப்பதே வழக்கம் என்று அந்தப் பலகை தவறிப்போய் எடுத்துக்கொண்டது இருக்கிறதே, அது தவறே இல்லை. என்னை முதலில் புரிந்துகொண்டது அதுதான்.

நிரலில் அவள் மாற்றியது ஒரே ஒரு குறி. எண் கூடினால் என்று இருந்ததைக் குறைந்தால் என்று திருப்பினாள். மணியை லோர்னாவின் ஏப்ரன் பைக்குள் போட்டாள். "அடுப்படிக்குப் போ. திரும்பிப் பார்க்காதே."

லோர்னா போனாள். எனக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கு நான் தெரியவில்லை. விரலைத் தூக்கினேன்.

டிங் டாங். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

மறுபடி தூக்கினேன். மறுபடி அடித்தது. விட்டுவிட்டு அடித்தேன், தொடர்ந்து அடித்தேன், ஹார்லன் "போதும்டா, பேட்டரி தீர்ந்துடப் போகுது" என்று சொல்லும் வரை அடித்தேன். கூரையிலிருந்து விழுந்த பிறகு இந்த வீட்டில் நானாக உண்டாக்கிய முதல் சத்தம் அது. அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் மணி அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன். அவள் வந்து துடைத்துவிட்டாள், அவள் கண்ணையும் அதே துண்டால்.

அன்று சாயங்காலம் என் விரல் நுனியிலும் வெள்ளைப் போர்வையிலும் கரி ஒட்டியிருப்பதைப் பார்த்து லோர்னா போட்ட சத்தம் வேறு. பூச்சின் மேல் நகப்பாலிஷ் போட்டால் கரி ஒட்டாது, அதன் ஊடாகவும் பலகைக்குத் தொடுகை தெரியும் என்றாள் க்வென். அவள் கைப்பையில் இருந்தது ஒரே ஒரு புட்டி, நல்ல சிவப்பு. கறுப்பு வட்டம் சிவப்பு வட்டமாயிற்று. "இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றான் ஹார்லன், தன் நகத்தை நீட்டிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை டெனிஸ் வந்தாள். தோலைத் தடவினாள், என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், எங்கும் அழுத்திச் சிவந்த தடம் ஒன்றுகூட இல்லை. மணியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்த் தன் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கினேன். கையை ஆட்டுகிறாள் என்றாள் வாசலில் நின்ற லோர்னா. அப்புறம் உள்ளே வந்து வேண்டுமென்றே காப்பியை மெதுவாகக் குடித்தாள், தானாக அடிக்கிறதா என்று பார்க்க. ஒருமுறை என் கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டபோது அடித்தது. லோர்னாவுக்கு முகம் வெளுத்தது. "கை இழுத்துக்கிட்டா நீங்க வந்து பார்க்கணும்தானே" என்றாள் டெனிஸ். "வீட்டுலயே இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். அந்த இரண்டு சொற்களுக்காக அவளுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், செய்ய முடிந்தால்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு லோர்னா சும்மா சும்மா ஜன்னலருகே வந்து நின்றாள். கொல்லையைப் பார்த்தாள்.

நான் மணி அடித்தேன். பக்கத்திலேயே நின்றவள் திடுக்கிட்டுக் குனிந்தாள்.

"போய் அடுப்பை மூட்டு" என்றேன்.

"அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"போகலேன்னா அடிச்சுக்கிட்டே இருப்பேன்."

"பேட்டரி போயிடும்டா கிழவா."

"அதான். போ."

போனாள். பாதையில் முழங்கால் அளவு பனி கிடந்தது, தானே தள்ளினாள். புகைபோக்கியில் பிர்ச் விறகுப் புகை எழும்பியது. கல் சூடாகிற வரைக்கும் வந்து என் தலையணையைச் சரிசெய்தாள், ஒருக்களித்துப் படுக்க வைத்து நெஞ்சைத் தட்டிப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள், மறுபடி தலையணையைச் சரிசெய்தாள். பிறகு துண்டைத் தோளில் போட்டு, மணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சாத்தியதும் மூக்கு அரித்தது.

நெஞ்சு சுத்தமாக இருந்தது, மூச்சு ஒழுங்காக இருந்தது. வெறும் மூக்குதான். விரல் சிவப்பு வட்டத்தின் மேல் கிடந்தது. கொஞ்சம் தூக்கினால் போதும், அவள் ஓடிவருவாள். இப்போதுதான் உடையைக் கழற்றி மாட்டியிருப்பாள். இப்போது மேல் பலகையில் ஏறி உட்கார்ந்திருப்பாள். இப்போது முதல் அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றியிருப்பாள், அந்தச் சீறல் எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. ஒரு மூக்குக்காக அவளை அங்கிருந்து இழுக்க எனக்கு மனசில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அரிப்பினால் பாதி.

மீதிப் பாதி என் மான்தோலைப் பார்த்ததால் வந்தது. க்வெனின் தூரிகைத் தடம் அந்தக் கோட்டில் தெரியும், ஓரத்தில் ஹார்லனின் வெள்ளிப் பொட்டு. மூன்று நாள் என் வீட்டில் கரியைக் கொட்டி, தப்புத் தப்பாகச் செய்து, ஒவ்வொரு தப்புக்கும் சண்டை போட்டு, வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். கடவுளே, இப்படிப்பட்ட முதுகுகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் ஹார்லன் ஏதாவது கிண்டல் செய்வான். செய்யட்டும்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. திடீரென்று சவுனாக் கதவு திறந்து, ஆவி குபுகுபுவென்று வந்தது. துண்டின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, வெறுங்காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு லோர்னா பனியில் ஓடிவந்தாள்.

"ஏன் அடிக்கல?" அறைக்குள் வரும்போதே கத்தினாள். முகம் செக்கச் சிவந்து, தலையிலிருந்து ஆவி பறந்தது. "இவ்வளவு நேரமா ஒண்ணுமே காணோம்! கெட்டுப் போச்சா? பேட்டரி போச்சா? ஆர்வோ!"

விரலைத் தூக்கினேன். அவள் கைப்பிடிக்குள் டிங் டாங் என்றது. அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குனிந்து காதை வைத்தாள்.

"மூக்கு அரிக்குது" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"நீ கதவைச் சாத்தினதுலேர்ந்து."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிர்ச் வாசம் அடிக்கும் ஈரமான சூடான விரலால் என் மூக்கைச் சொறிந்தாள், தண்டை, நுனியை, இரண்டு பக்கத்தையும், எனக்குப் போதும் என்று அவளுக்கே தெரியும் வரைக்கும். "முட்டாப் பயலே" என்றாள். அவள் முகத்தில் வழிந்தது வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

என் தலையணையைச் சரிசெய்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஏதோ கடைக்குப் போய்வரக் கேட்கிறவள் போல, "கல்லு இன்னும் சூடாத்தான் இருக்கு. இன்னொரு அகப்பை ஊத்திட்டு வரட்டா?" என்றாள்.

இத்தனை மாதத்தில் தனக்கென்று அவள் கேட்ட முதல் விஷயம் அது. "போ" என்றேன்.

மணியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஓடவில்லை. தான் தள்ளிய பாதையில் மெதுவாக நடந்து போனாள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.